டர்போ இல்லாத வண்டிக்கு மூன்று நிமிடம்

வண்டிகளைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் என்னால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மைலேஜைப் பற்றி அளந்துகொண்டிருந்தால்கூட, கையில் பிசைந்த சோற்றோடு திருத்த ஆரம்பித்துவிடுவேன். "ஊர்ல ஓடுற இன்ஜினுக்கெல்லாம் நீங்கதான் வாத்தியாரா? உங்க இலையப் பார்த்துத் துண்ணுங்க" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? இந்தக் குணத்தால் ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோலார் தங்கவயலில் கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. புல்டோசரின் பாகங்களை முழுதாகப் பூட்டி முடித்ததும் எங்கள் டெஸ்ட் யார்டுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை மண்மேட்டில் ஏற்றி இறக்கி, தள்ளவிட்டு, திணறவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் வெளியே போகும். அந்த இன்ஜின்களில் டர்போ உண்டு. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் டீசலையும் கூடுதலாக எரிக்கலாம், பலம் கூடும். டர்போ இல்லாத சாதா இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும், கிடைத்ததை வைத்து வேலை செய்யும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் டர்போவின் தண்டு எண்ணெயில் மிதந்துகொண்டு வெறி பிடித்த மாதிரி சுற்றுகிற தண்டு. கடுமையாக வேலை வாங்கிவிட்டுச் சட்டென்று இன்ஜினை நிறுத்தினால் எண்ணெய் வரத்து நின்றுவிடும், சக்கரம் உடனே நிற்காது. சூட்டில் எண்ணெய் கருகித் தண்டு பாழாகும். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். எங்கள் யார்டில் இது சட்டம். புதிதாக வந்த ஒருவர் மூன்றாவது நிமிடத்திலேயே சாவியைத் திருப்பிவிட்டார் என்று அவரோடு ஒரு வாரம் நான் டீ குடிக்கவில்லை. அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

என் மனைவியின் அண்ணன் சுரங்கத்துக்காரர். தங்கவயலிலேயே கோரமண்டல் பகுதியில், தொழிலாளர் லைன் வீட்டில் குடித்தனம். அண்டர்கிரவுண்டில் பதினைந்து வருஷம் பாறையில் துளை போடுகிற வேலை பார்த்தார். நெஞ்சில் தூசி சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, கேஜ் என்கிற சுரங்கக் கூண்டின் பக்கத்தில் நின்று ஆட்களை ஏற்றி இறக்கி மணி அடிக்கிற லேசான வேலைக்கு மாற்றினார்கள். அந்தக் கூண்டில் ஏறுகிறவர்களை ஒழுங்கு பண்ணியே பழகியவர் என்பதால், எந்த விஷயத்திலும் அவரிடம் ஒரு நிதானம் உண்டு. சிரித்தால்கூடச் சத்தம் வராது, தோள் மட்டும்தான் குலுங்கும். என்னைவிட எட்டு வயது பெரியவர். ஆனாலும் பெண் கொடுத்த வீடு என்று என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

சுரங்கத்தை மூடத்தான் போகிறார்கள் என்பது ஊருக்கெல்லாம் உறுதியான நேரத்தில், மச்சான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கார் ஓட்டப் போகிறேன் என்றார். லைசென்ஸ் இருந்தது. பக்கத்து ஊரிகத்தில் சிநேகிதர் ஒருவரின் டாக்சியை லீவு நாட்களில் ஓட்டிக் கை பழகியிருந்தார். வண்டி ஓட்டலாம், கனம் மட்டும் தூக்கக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தாராம். இந்தக் கடைசி விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் தொழிற்சாலைக்கு வெளியூரிலிருந்து வரும் இன்ஜினியர்களை பங்காருபேட்டை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வாடகைக் கார் வைத்திருந்தார்கள். பழைய டிரைவர் அடிக்கடி உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். வண்டி வராமல் விருந்தாளிகள் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடந்தார்கள். வண்டிப் பிரிவு அதிகாரி வெறுத்துப் போயிருந்தார். நான் போய் மச்சானுக்காகப் பேசினேன். "வண்டி சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. ஓட்டுறவர் திடமா இருக்கணும். இன்னொரு நோயாளி நனகே பேடப்பா, வேணவே வேணாம்" என்றார் கன்னடம் கலந்த தமிழில். ஒரு மாதம் ஓட்டட்டும், சரியாக இருந்தால் வருஷக் கணக்கில் வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று.

நான் அதை அப்படியே கொண்டுபோய் மச்சானிடம் சொன்னேன், நோயாளி என்ற வார்த்தை உட்பட. அவர் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டே கேட்டார். சுரங்கக் குழியான ஷாஃப்டை விட்டு வெளியே வந்தவர்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த காலம் அது. அவருக்குத் திறந்தது இந்த ஒரு கேட்தான். "செரி மாப்ள, பார்த்துக்கலாம்" என்றார்.

வண்டி வாங்க பெங்களூருக்கு என்னைத்தான் கூட்டிப் போனார். கூட்டிப் போனார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நானாகத்தான் கிளம்பினேன். தரகர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். இரண்டும் சின்ன டீசல் கார்கள், அதிகம் ஓடாதவை. ஒன்று சாதா இன்ஜின். இன்னொன்றின் பின்பக்கம் டர்போ என்று சாய்ந்த எழுத்தில் ஒட்டியிருந்தது. சின்னக் காரில் டர்போ என்பது எங்கள் பக்கத்தில் அப்போது கேள்விப்படாத விஷயம். எனக்கு வாயெல்லாம் பல்.

இரண்டையும் ஹொசகோட்டை சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சாதா வண்டி மிதித்தவுடன் நகர்ந்தது, மிதித்த அளவுக்கு நகர்ந்தது. ஆனால் மூன்று பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டால் லாரியைத் தாண்டுவதற்குள் இஷ்ட தெய்வத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. டர்போ வண்டி ஆரம்பத்தில் கொஞ்சம் தூங்கிவழிந்தது. மிதித்துவிட்டு ஒரு நொடி காத்திருக்க வேண்டும். அப்புறம் பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளின மாதிரி ஒரு பாய்ச்சல். அந்தத் தள்ளலுக்காக நான் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருப்பேன்.

திரும்பி வந்ததும் மச்சான் இரண்டு வண்டிகளையும் நிறுத்தின இடத்திலேயே ஓடவிடச் சொன்னார். ஒன்றின் பானட்டில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மற்றதற்குப் போனார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இதுக்குக் காத்து யாரோ தள்ளி விடணும், அப்டித்தான மாப்ள?"

"ஆமா மச்சான். அதாலதான் அவ்ளோ பலம்."

"நிறுத்துறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் ஓடவுடணும்னு சொல்லிக்கினே இருப்பீங்களே, அது இதுக்குத்தானா?"

"சின்ன வண்டிக்கு மூணு நிமிஷம் போதும். அது ஒண்ணும் கஷ்டமில்ல."

"தள்ளி விடுறது நின்னுபோனா?"

"நின்னாலும் வண்டி ஓடும். பலம்தான் கொறையும்."

"அப்ப முதல்லருந்தே கொறைச்சலாவே இருக்கட்டும்." அவர் சாதா வண்டியின் பக்கம் போய் நின்றுகொண்டார். "கீழ ரொம்ப வருஷம் பார்த்துட்டேன் மாப்ள. ஃபேன் வெச்சித் தள்ளுற காத்து நல்லாத்தான் கீது. ஃபேன் நின்னா அப்பால நாமளும் நிக்கிறோம். ஷாஃப்ட் வழியா தானா வர்ற காத்து கொஞ்சந்தான், ஆனா அது வந்துகினே இருக்கும். இது நல்லா பேசவும் பேசுது. இதுவே போதும்."

நல்லா பேசுது என்றால், சத்தம் அதிகம் என்று அர்த்தம். டர்போ வண்டி நின்ற இடத்தில் அடக்கமாக உறுமியது. சாதா வண்டியோ மாவு மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது. சத்தம் அதிகமாக இருப்பதை ஒரு சிறப்பு என்று சொல்லி வண்டி வாங்குகிற மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்கண்ணன் மாவு மில்லு ஒண்ணு வாங்கிக்கினு வந்துட்டார்" என்றேன்.

இப்போது நிதானமாக யோசித்தால் அவர் எடுத்ததுதான் சரி. நின்று நின்று போகிற எங்கள் ரோட்டில் டர்போ விழித்துக்கொள்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். எண்ணெயைக் கொஞ்சம் தாமதமாக மாற்றினாலும் அதற்குக் கோபம் வரும். அது கெட்டால் கோலாரில் தொட ஆள் கிடையாது, பெங்களூருக்குத்தான் இழுத்துப் போக வேண்டும். சாதா இன்ஜினை எந்த மெக்கானிக்கும் மர நிழலில் பிரித்துப் போடுவான். இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வண்டி ஓட ஆரம்பித்தது. ஒரு நாளும் தாமதம் இல்லை. ரயில் வருவதற்கு முன்னால் ஸ்டேஷனில் நிற்பார். வந்தவர்களை எங்கள் மெயின் கேட்டில் இறக்குவார், டிக்கியிலிருந்து பெட்டிகளைத் தானே எடுத்து வைப்பார். எல்லாம் சரி. ஒன்றே ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்தியது. பெட்டிகளை இறக்கிவிட்டு மறுபடி சீட்டில் வந்து உட்கார்ந்து, இன்ஜினை நிறுத்தாமல் மூன்று நிமிடம் ஓடவிடுவார். டேஷ்போர்டில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு, அப்படியே இருப்பார். மூன்று நிமிடம் முடிந்தால்தான் சாவியைத் திருப்புவார்.

டர்போ இல்லாத வண்டிக்கு டர்போவின் பத்தியம். நான் சொன்ன பாடத்தைத் தப்பான வண்டிக்குப் படித்துவிட்டார் என்று நினைத்தேன். தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை விளக்கினேன். "இருக்கட்டும் மாப்ள, பழகிப் போச்சி" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் யாராவது ஏன் ஓடவிடுகிறீர்கள் என்று கேட்டால், "எங்க மாப்ள சொன்னது. டெஸ்ட் யார்டுல கீறார்" என்று என் தலையில் அல்லவா கட்டினார்? கேட்டில் இருந்த விஷயம் யார்டுக்கு வந்தது. "இன்னாய்யா, இல்லாத டர்போவுக்கு வைத்தியம் பார்க்கிறியாமே" என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கலாய்க்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு வாரம் டீயில் ஒதுக்கிவைத்த அந்தப் புது ஆள்தான் எல்லோரைவிடவும் அதிகமாகச் சிரித்தார்.

மாதத்தின் கடைசி நாள். அன்றைக்கு வண்டிப் பிரிவு அதிகாரியே கேட்டுக்கு வந்திருந்தார். மச்சானின் வண்டியை வருஷத்துக்கு எடுப்பதா என்று அவர் எழுத வேண்டிய நாள். நாங்களும் டீ நேரம் என்பதால் அங்கேதான் நின்றிருந்தோம். வண்டி வந்தது. வந்த இரண்டு இன்ஜினியர்களும் இரும்புச் சாமான் நிரம்பிய இரண்டு மரப்பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். மச்சான் யார் உதவியும் கேட்காமல் ஒவ்வொன்றாக இறக்கி, கேட்டின் ஓரம் வைத்தார். போய்ச் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கையை ஸ்டியரிங்மேல் வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"தோ, உன் மச்சான் டர்போவ ஆத்துறாரு பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் காது மடல் சூடானது.

அதிகாரி ஜன்னல் பக்கம் குனிந்தார். "வண்டி ஆஃப் பண்ண மாட்டீங்களா? டீசல் வேஸ்ட் ஆகுதே."

மச்சான் மூன்று விரலைக் காட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார், இவர் சொன்னது என்கிற மாதிரி.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றே எட்டில் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிவிட்டேன். "சார், இது டர்போ இல்லாத வண்டி. இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஓடவிடத் தேவையில்ல. இவருக்கு எத்தனை தடவ சொன்னாலும்..."

இன்ஜின் நின்றுவிட்டது. ஆனால் ஒரு சத்தம் நிற்கவில்லை. வண்டிக்குள்ளிருந்து மெல்லிய விசில் மாதிரி வந்து, அறுந்து, மறுபடி வந்தது. எங்கோ காற்று கசிகிறது என்றுதான் என் காது முதலில் சொன்னது. இத்தனை வருஷம் கசிவு தேடியே பழகிய காது. பானட்டைப் பார்த்தேன், அங்கிருந்து வரவில்லை. மச்சானைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடி, அந்தச் சத்தத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சட்டைப் பையில் செருகியிருந்த பேனா, மார்போடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நிமிடம் இன்ஜினுக்கு அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டி தூக்கின மூச்சு அடங்க அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். அதுவரை அந்த மாவு மில் சத்தம் வேண்டும். உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். நான்தான் கற்றுக்கொடுத்தது என்று ஊரெல்லாம் என் பெயரைச் சொல்லி எனக்குப் பெருமையும் சேர்த்திருந்தார். நான் சாவியைத் திருப்பி அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டேன், எந்த மனிதருக்கு அவர் மூச்சிரைப்பு தெரியக் கூடாதோ அவர் பக்கத்தில் நிற்கும்போதே.

மச்சான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஏனு சத்தம் அது?" என்றார் அதிகாரி.

என் வாழ்நாளில் ஒரு இன்ஜினைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. சாவியை மறுபடி திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. அந்த இரைச்சல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"சூடு இறங்குற சத்தம் சார். தப்பு என்மேலதான். அவசரப்பட்டு ஆஃப் பண்ணிட்டேன். சில வண்டிக்கு டர்போ இல்லன்னாலும் மூணு நிமிஷம் வேணும். இவர் செய்யறதுதான் கரெக்ட்."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். இன்ஜின் தெரிந்த பத்துப் பேர் முன்னால், டர்போவுக்கும் சாதாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மாதிரி நான் பேசியதை இன்றைக்கும் அவர்கள் மறக்கவில்லை. நான் ரிட்டையர் ஆன அன்றைக்குக் கழுத்தில் மாலை போட்டுவிட்டு, "மூணு நிமிஷம் கழிச்சி உக்காருங்க" என்றார்கள்.

அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். ஓரத்தில் இருந்த மரப்பெட்டிகளைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே விட்டுவிட்டு, "ஈக ஆஃப் மாடி" என்றார். மச்சான் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

"சரி. நாளைக்கு வந்து கையெழுத்து போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். இரண்டு அடி போனவர் திரும்பி, "பெட்டி இறக்க செக்யூரிட்டில ஆள் இருக்காங்க. டிரைவர் இறக்கக் கூடாது. அது ரூல்" என்றார். அப்படி ஒரு ரூல் எங்கள் தொழிற்சாலையில் அதுவரை இருந்ததாக எனக்குத் தெரியாது.

அன்று மாலை மனைவியிடம் சத்தம் போட்டேன். உங்கண்ணன் நெஞ்சு இவ்வளவு மோசம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்க கேட்டீங்களா? இத்தினி வருஷத்துல எங்கண்ணன் கிட்ட இன்ஜினத் தவிர வேற இன்னா பேசிகீறீங்க?" என்றாள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவருக்காகக் கேட்டில் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க என்று போனவன், கேட்கத் தெரியாமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கோரமண்டல் வரை போனோம். லைன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அன்றைக்குப் பெட்டி எதுவும் தூக்கவில்லை, மூச்சும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பாமல் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மாப்ள, நீங்க சொன்ன மாதிரி அந்த டர்போ வண்டியே எடுத்திருக்கலாமோ?" என்றார்.

"வேணாம் மச்சான்" என்றேன். "அது சத்தம் போடாது."

அவர் தோள் குலுங்கியது. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. இருவரும் உட்கார்ந்திருந்தோம்.